பக்கம் நூற்று நாற்பத்தொன்று

எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டேன், இப்போது பதினொன்றேகால். துணைவேந்தர் அலுவலகத்தின் இந்த நீள வராந்தாவில் சுவரோரமாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கோப்பு. எல்லோரும் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருக்கிறோம், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பது மாதிரி. யாரும் ஓடமாட்டார்கள். இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு எவன் ஓடுவான். உதவிப் பேராசிரியராக இருப்பவர்களை இணைப் பேராசிரியர் ஆக்குவதற்கான நேர்காணல் இது. எனக்கு நான்கு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும், அப்போது துணைவேந்தர் இல்லை, பிறகு துணைவேந்தர் வந்தார் குழு இல்லை, பிறகு குழு வந்தது விதி மாறிவிட்டது, பழைய படிவத்தை எல்லாம் புதிய படிவத்தில் திரும்ப நிரப்பு என்றார்கள். நிரப்பினேன். பதினாறு வருட வேலை முழுவதையும் இருநூற்றுப் பதினெட்டுப் பக்கமாக ஆக்கி, பக்கத்துக்குப் பக்கம் எண் குத்தி, துளை போட்டு, பச்சை நாடா கோத்து, நான்கு பிரதி. ஸ்பைரல் போடக் கூடாது, சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது. என் காலில் இந்தப் புதுச் செருப்பு கடிக்கிறது. நேர்காணலுக்கு என்று நேற்று வாங்கியது, யார் என் செருப்பைப் பார்த்து மதிப்பெண் போடப்போகிறார்கள், வாங்கும்போது ஏன் இது தோன்றவில்லை. தூக்கம் வருகிறது. காலை பதினொன்றேகாலுக்கு ஒரு மனுஷிக்கு இப்படித் தூக்கம் வரலாமா. உள்ளே போய் ஆமாம் ஐயா, இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு வந்து எங்கேயாவது படுத்துவிட வேண்டும். கிடைத்தாலும் படுக்க வேண்டும், கிடைக்காவிட்டாலும் படுக்க வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு சண்முகக்கனி வந்தபோது எல்லாத் தலையும் நிமிர்ந்தது. பணியமைப்புப் பிரிவு உதவியாளர், எங்கள் எல்லோருடைய பணிப்பதிவேடும் அவள் அலமாரியில்தான் இருக்கிறது, அதனால் பேராசிரியர்கள் அவளைக் கண்டால் எழுந்து நிற்காத குறைதான். வழக்கமாகக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்ப்பவள் இன்று கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். "எல்லாரும் ஒருவாட்டி உங்க சர்டிபிகேட் தேதியெல்லாம் பாத்துக்கோங்க சார். ஆடிட்ல அப்ஜெக்‌ஷன் போட்டுட்டாங்களாம். துணைப் பதிவாளர் லீவுக் கணக்கையும் சர்டிபிகேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்காரு. இப்பப் போன இயற்பியல் சார் அதுலதான் நிக்காரு." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் வராந்தா முழுக்கப் பக்கம் புரளும் சத்தம். பக்கத்து நாற்காலியில் வணிகவியல் மைதீன் பிச்சை, எனக்கு இரண்டு வருடம் இளையவர், வாய் ஓயாத மனிதர். "மேடம், ஒரு வருஷம் ஊட்டியில குடும்பத்தோட நாலு நாள் லீவு போட்டேன், அதே நாலு நாள் இங்க பயிற்சிப் பட்டறையில உக்காந்து குறிப்பெடுத்திருக்கேன். நான் ரெண்டு ஆளு மேடம், எனக்கே தெரியாது" என்றார். சிரித்தேன். சான்றிதழுக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு, அவருக்கு அது உபரிப் பக்கம், கிழித்துப் போட்டாலும் ஐம்பது அறுபது புள்ளி மிச்சம் இருக்கும், அவரால் சிரிக்க முடியும். என்னிடம் இருப்பது முந்நூற்று நான்கு. பதவி உயர்வுக்கு வேண்டியது முந்நூறு. நான் ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை, யார் சிரிக்க வைத்தாலும் சிரித்துவிடுகிற அளவுக்குச் சோர்ந்திருக்கிறேன் போலிருக்கிறது.

நானும் புரட்டினேன். மற்றவர்கள் புரட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்றுதான். எனக்கு ஊட்டியும் கிடையாது ஒன்றும் கிடையாது, நான் லீவே எடுக்காதவள் என்று துறையில் பெயர். புரட்டப் புரட்ட நத்தை. குளத்து நத்தை, வாய்க்கால் நத்தை, வயல் நத்தை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நன்னீர் நத்தைகளைப் பதினாறு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, சதுரமாக ஒரு கம்பிச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் எத்தனை, மாசத்துக்கு ஒரு தடவை. ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் நான் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுவதாக நினைத்தார்கள், ஒரு பெரியவர் கூடவே இறங்கித் தேடிக்கூடக் கொடுத்தார், தங்கமா தாயி என்று கேட்டார். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி எந்தப் பக்கத்திலும் இல்லை. அதற்குப் புள்ளி கிடையாது. நூற்று முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நூற்று நாற்பத்தொன்று. தேசியக் கருத்தரங்கம், இன்ன கல்லூரி, முனைவர் இ. பாக்கியத்தாய் கலந்துகொண்டு கட்டுரை வாசித்தார் எனச் சான்றளிக்கப்படுகிறது. ஓரத்தில் பூவேலை, நடுவில் தங்க முத்திரை. இரண்டாயிரத்துப் பதினான்கு மார்ச் பதிமூன்று, பதினான்கு. நான் அதைக் கடந்து போய்விட்டேன். நூற்று நாற்பத்தைந்து வரை போய்விட்டேன். அப்புறம்தான் கை நின்றது. அந்த நாளை நான் மறந்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஒரு நாள்கூட மறக்கவில்லை, ஆனால் என் மனதில் அது மாசி மாதக் கடைசி வியாழக்கிழமை. வீட்டுக் காலண்டரில் அப்படித்தான் இருந்தது, சிவப்பாக ஒன்றும் இல்லாத சாதாரண வியாழன். அதற்கு மார்ச் பதிமூன்று என்று இன்னொரு பெயர் இருப்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்கு உறைக்கிறது. பதினொரு வருடமாக இரண்டையும் இரண்டு அறையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் இந்தக் கருத்தரங்கை எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு மாசியிலும் அந்த வியாழனை நினைத்திருக்கிறேன், ஒருநாளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கருத்தரங்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போகவே இல்லை, ஆனால் ஞாபகம் இருக்கிறது. துறையில் எனக்கு மூத்தவரான செல்வின் சாரும் நானும் சேர்ந்து எழுதிய கட்டுரை, நான்தான் வாசிப்பதாக இருந்தது, பணம் கட்டிப் பெயர் அச்சடித்தாகிவிட்டது. நான் வரவில்லை என்றதும் அவரே வாசித்துவிட்டு இரண்டு பேருக்கும் சான்றிதழ் வாங்கி வந்துவிட்டார். இது எங்கள் பக்கத்து வழக்கம்தான். யாருக்கு வர முடியவில்லையோ அவருக்கு, போனவர் சர்டிபிகேட் எடுத்து வருவது. ஊருக்குப் போகிறவரிடம் அல்வா சொல்லி அனுப்புவதைப் போல. நான் லீவு முடிந்து வந்த அன்று மேசையில் ஒரு சணல் பை இருந்தது, உள்ளே குறிப்பேடு, பேனா, இந்தச் சான்றிதழ். செல்வின் சார் வாசலில் நின்றபடியே சொன்னார், "உங்க நத்தைப் படத்தைப் பாத்து முன்வரிசையில ஒருத்தரு எழுந்து ரெண்டு கேள்வி கேட்டாரு மேடம். நல்லாப் போச்சு. சாப்பாட்டுல கேசரி, கொஞ்சம் இனிப்பு தூக்கல்." அவ்வளவுதான் சொன்னார். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு முழு அரங்கத்தையே கட்டிவிட்டேன். நீல நிறத் திரைச்சீலை, மைக் கரகரக்கிறது, முன்வரிசையில் எழுந்தவருக்கு வழுக்கை, நான் பதில் சொல்கிறேன், கேசரியின் நெய் விரலில் ஒட்டுகிறது. ஒரு புத்தாக்கப் பயிற்சியில் இதை எல்லோர் முன்னாலும் என் அனுபவமாகச் சொல்லியே இருக்கிறேன். பொய் சொல்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. அந்தச் சணல் பையில்தான் என் பையனுக்கு நான்கு வருடம் பள்ளிக்கூடச் சாப்பாடு கொடுத்துவிட்டேன், காது அறுந்த பிறகு வெங்காயம் போட்டு வைத்தேன். அந்த நாளுக்குப் போய்ச் சேர வேறு ஒரு இடம் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. இப்போதுதான் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய.

உண்மையில் அன்று நான் இருந்த இடம் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி. ஐந்து மாதம். துறையில் யாருக்கும் சொல்லவில்லை, புடவைக் கட்டில் தெரியாது, ஆறாவது மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். முந்தின வாரம்தான் குளத்தில் இறங்கினேன். அதனால் இல்லை என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார், மூன்று தடவை சொன்னதாலேயே அதனால்தானோ என்று இன்றுவரை இருக்கிறது. பதினொன்றேகால் இருக்கும். நிகழ்ச்சி நிரலில் என் கட்டுரைக்குப் போட்டிருந்த நேரமும் அதுதான், பதினொன்று பதினைந்து. மலையாளத்து நர்ஸ் ஒரு எவர்சில்வர் தட்டைப் பச்சைத் துணியால் மூடிக்கொண்டு நின்றாள். "பாக்கணுமா அக்கா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். பெண் பிள்ளை என்று அப்புறம் சொன்னார்கள். வேண்டாம் என்று நான் சொன்ன குரல் அப்படியே காதில் இருக்கிறது, கடைக்காரனிடம் பை வேண்டாம் என்று சொல்கிற குரல். ஏன் சொன்னேன். பார்த்திருக்கலாம். ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம். முருகையாதான் வாங்கிக்கொண்டு போனார், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நான்தான் அவரிடம், டைபாய்டு என்று எழுதி வாங்குங்கள் என்றேன். கருக்கலைவுக்குத் தனி லீவு உண்டு, எனக்குத் தெரியும், அதற்கு விண்ணப்பம் போட்டால் சண்முகக்கனி வகையறாவுக்குத் தெரியும், துறைக்குத் தெரியும், ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவரவர் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்வார்கள். டைபாய்டு என்றால் ஒட்டிக்கொள்ளும், ஒருவரும் வரமாட்டார்கள். ஒருவரும் வரவில்லை. யாராவது வந்திருக்கலாம் என்று பிறகு இருந்தது. பன்னிரண்டு நாள் மருத்துவ விடுப்பு, காரணம் டைபாய்டு, அது உள்ளே பதிவேட்டில் இருக்கிறது. அதே நாளில் கட்டுரை வாசித்தது என் மடியில் இருக்கிறது. இரண்டிலும் முத்திரை உண்டு, கையொப்பம் உண்டு. இரண்டும் பொய். நடந்தது எந்தப் பக்கத்திலும் இல்லை. இருநூற்றுப் பதினெட்டுப் பக்கத்தில் ஒன்றில்கூட இல்லை.

முன்னால் இரண்டு பேர். உருவிவிடலாம். நாடாதானே, முடிச்சை அவிழ்த்தால் வந்துவிடும், ஸ்பைரல் வேண்டாம் என்றது இதற்குத்தான் போலும். உருவினால் நூற்று நாற்பதுக்கு அப்புறம் நூற்று நாற்பத்திரண்டு, உள்ளே இருக்கும் மூன்று பிரதியில் அது அப்படியே இருக்கும், பொருளடக்கத்தில் வேறு இருக்கிறது. அதோடு ஏழரைப் புள்ளி போகும். இருநூற்றுத் தொண்ணூற்றாறரை. மூன்றரைப் புள்ளிக்கு மறுபடியும் எப்போது குழு கூடுமோ, மூன்று வருடமோ ஐந்தோ, அதற்குள் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் எனக்கு மேலே போய் உட்கார்ந்து என் தற்செயல் விடுப்புக்குக் கையெழுத்துப் போடுவார்கள். போகட்டும். போகட்டும் என்று சொல்ல எனக்கு முடியவில்லை. எனக்கு இது வேண்டும், வெட்கம் எல்லாம் இல்லை, வேண்டும். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நான் பட்டது போதும். சரி, உருவ வேண்டாம், கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம், நான் போகவில்லை, சான்றிதழ் வந்தது என்று. எடுத்து வந்தது யார் என்பார்கள். செல்வின் சார் இப்போது துறைத்தலைவர், உள்ளே குழுவில் உட்கார்ந்திருக்கிறார், இந்தக் கோப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் சரிபார்த்தேன் என்று அவர் கையெழுத்து இருக்கிறது. வருகிற மே மாதம் ஓய்வு. கடைசி நாளில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை கையில் கொடுத்தால் போதும், அந்த மனிதர் ஓய்வூதியத்துக்கு எத்தனை வருடம் படியேறுவாரோ. அவர் செய்த தப்பு எனக்குச் சான்றிதழ் எடுத்து வந்தது. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேசரியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வாசலோடு போனாரே, உள்ளே வந்து உட்காரவில்லையே. உண்மையைச் சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது, செருப்பு வேறு கடிக்கிறது. ஒருவேளை அவர்கள் கேட்காமலே விட்டுவிடலாம். இத்தனை பேரில் ஒரு தேதி கண்ணில் படாமல் போகலாம். படாமல் போக வேண்டும். மைதீன் பிச்சை தண்ணீர் பாட்டிலை நீட்டினார், "குடிங்க மேடம், முகமெல்லாம் வேத்திருக்கு." குடித்தேன். சண்முகக்கனி என் பெயரைக் கூப்பிட்டாள்.

உள்ளே குளிர். நீள மேசை, அந்தக் கோடியில் துணைவேந்தர், இந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த நிபுணர், வெள்ளைச் சட்டை, பார்த்தால் பேரப்பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுவிடுகிற சாயல். செல்வின் சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காருங்கம்மா" என்றார் துணைவேந்தர். நத்தையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. துணைப் பதிவாளர் பதிவேட்டில் விரலை வைத்திருந்தார், அந்த விரலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டாயிரத்துப் பதினாலு, மார்ச் பத்துல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் மெடிக்கல் லீவு, டைபாய்டு. பதிமூணாந்தேதி கருத்தரங்கத்துல பேப்பர் வாசிச்சிருக்கீங்க. எப்படி மேடம்?" நான் வாயைத் திறப்பதற்குள் நிபுணர் கையை அசைத்தார். நல்ல மனிதர். "அட, இதுல என்ன இருக்கு. லீவு பன்னெண்டு நாள் எழுதுவோம், மூணு நாள்ல காய்ச்சல் விட்டுரும். அன்னைக்கு நல்லா இருந்திருப்பாங்க, போயி வாசிச்சிருப்பாங்க. ஒரு வரி எழுதி வாங்கி வைங்க, முடிஞ்சுபோச்சு." துணைவேந்தரும் தலையாட்டினார். துணைப் பதிவாளர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, வாசகத்தையே சொன்னார். "மேற்படி தேதியில் நான் உடல்நலத்துடன் இருந்தேன், ஆகவே கருத்தரங்கில் கலந்துகொண்டேன். இவ்வளவுதான் மேடம், கீழ ஒரு கையெழுத்து." எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். இந்த அளவு அன்பை இந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை. செல்வின் சார் நிமிர்ந்து, எழுதிவிடுங்கள் என்பது போலப் பார்த்தார். ஒரு வரி, அவரும் தப்பித்தார், நானும் இணைப் பேராசிரியர். பேனாவை எடுத்தேன். மேற்படி தேதியில் நான், என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. பச்சைத் துணி. பாக்கணுமா அக்கா. எத்தனையோ எழுதியிருக்கிறேன், போகாத இடத்துக்குப் போனேன் என்று எழுதியிருக்கிறேன், வராத காய்ச்சல் வந்தது என்று எழுதியிருக்கிறேன், இதை ஏன் எழுத முடியவில்லை. எழுது, எழுதுடி, நாலு சொல். அந்தப் பெண் பிள்ளை இருந்த இடம் உலகத்தில் அந்த ஒரு நாள்தான், அதில் போய் நான் நன்றாக இருந்தேன் என்று எப்படி எழுதுவேன்.

"என்னம்மா?" என்றார் துணைவேந்தர்.

"அன்னைக்கு நான் நல்லா இல்ல சார்."

"காய்ச்சல் விட்டிருக்கும்ல?"

"விடல சார். இந்தப் பக்கம் தப்பாச் சேந்துருச்சு. என் தப்புதான், நான்தான் சேத்தேன். எடுத்துக்கிடுதேன்."

"மேடம், கொஞ்சம் யோசிச்சு" என்று செல்வின் சார் ஆரம்பித்தார். நான் எழுதிய அரை வரியை அடித்துவிட்டு, கீழே, பக்கம் நூற்று நாற்பத்தொன்று தவறுதலாகச் சேர்க்கப்பட்டது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துணைப் பதிவாளர் கால்குலேட்டரைத் தட்டினார், தட்டத் தேவையே இல்லை. நிபுணர் என்னைப் புரியாமல் பார்த்தார், கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போகிறாளே என்று வருத்தப்பட்டிருப்பார். "அடுத்த குழுவுல பாக்கலாம்மா" என்றார் துணைவேந்தர். பச்சை நாடாவை அவிழ்த்து அந்த ஒரு தாளை மட்டும் உருவி என்னிடம் கொடுத்தார்கள். மொத்தம் ஆறு நிமிடம் ஆகியிருக்கும். அழுகை வரவில்லை, அதே தூக்கம்தான், ஆனால் முருகையாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று இருந்தது. எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்க வேண்டும், கேட்டால் சொல்வார்.

வெளியே வந்ததும் மைதீன் பிச்சை பாதி எழுந்து நின்றார். "என்ன மேடம், என்ன கேட்டாங்க?"

"அன்னைக்கு நல்லா இருந்தியான்னு கேட்டாங்க" என்றேன்.

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு உட்கார்ந்து தன் கோப்பில் ஊட்டியைத் தேட ஆரம்பித்தார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.